தேயிலைப் பெட்டியும் கப்பற்காரர் பொறுப்பும்



மழைக்குப் பெயர்போன வட்டவளையில் வாழ்வோருக்கு, தேயிலையின் பகை ஈரமே என்பதை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கொழுந்தை வாட்டி, அரைத்து, உலர்த்திப் பெட்டியில் இட்ட பின்னரும் அப்பகை நீங்குவதில்லை. காய்ந்த தேயிலை ஈரத்தையும் அயல் மணத்தையும் எளிதில் பற்றிக்கொள்ளும். ஆகவேதான் மரப்பெட்டியின் உட்புறத்தே ஈயத் தகட்டையும், பிற்காலத்தில் அலுமினியத் தகட்டையும் வைத்து மூடினர்.

1873இல் இலங்கையிலிருந்து இலண்டன் சென்ற முதற் சரக்கு 23 இறாத்தல் மாத்திரமே. 1884இல் புகையிரதப் பாதை நாவலப்பிட்டியிலிருந்து வட்டவளை வழியே அட்டனை அடைந்தது, பெட்டிகளும் பெருகின. தோட்டத்திலிருந்து புகையிரத நிலையம், அங்கிருந்து கொழும்பு, கரையிலிருந்து படகு, படகிலிருந்து கப்பல் எனக் கைமாறிய சரக்கு வழியில் நனைந்தால், அவ்விழப்பு யாரைச் சாரும்?

தம்மைச் சாராது என்பதே அக்காலக் கப்பற் கம்பெனிகளின் விடை. சரக்கேற்றுச் சீட்டில் விலக்குகளை அடுக்கி, தம் ஊழியரின் கவனக்குறைவுக்குங்கூடத் தாம் பொறுப்பல்லர் என அவை எழுதிக்கொண்டன. ஆங்கில நீதிமன்றங்களும் அதனை ஏற்றன. இவ்வழக்கத்திற்கு முதன்முதலில் தடையிட்டது 1893ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டமாகும். பின்னர் 1924இல் பிரசல்ஸ் நகரில் ஹேக் விதிகள் கைச்சாத்தாயின. சரக்கைக் கவனத்துடன் ஏற்றிக் காத்து இறக்குதல் கப்பற்காரர் கடமை என்றும், அக்கடமையைத் தட்டிக்கழிக்கும் வாசகம் செல்லாது என்றும் அவை விதித்தன. இலங்கையும் அவ்வழியே சென்றது. 1982ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் இப்பொருள் பற்றியதே.

ஆயினும், கடலின் சீற்றத்திற்கும் பகைவர் செயலுக்கும் கப்பற்காரர் பொறுப்பாகார். 1914 செப்டெம்பரில், கல்கத்தாவிலிருந்து தேயிலை ஏற்றிச் சென்ற 'டிப்ளொமாற்' என்னும் கப்பலை எம்டன் மூழ்கடித்தது. இத்தகைய இழப்பை ஈடுசெய்யக் காப்புறுதியே துணை. அதிலும் போர் ஆபத்துக்குத் தனியே காப்புறுதி பெறல் வேண்டும். கட்டுமானக் குறையால் கெட்ட சரக்குக்கோ காப்புறுதியும் கைகொடாது.

சரக்கைப் பெறுவோர் மறக்கலாகாத நாட்கணக்கு ஒன்றுண்டு. வெளிப்படையான சேதத்தைப் பொறுப்பேற்கும்போதே எழுத்தில் அறிவித்தல் வேண்டும்; மறைந்த சேதத்திற்குத் தவணை 3 நாள். அறிவியாதோரின் சரக்கு நன்னிலையில் கிடைத்ததென்றே முதற்கண் கொள்ளப்படும். அதனை மறுத்து நிறுவும் பாரம் அவரையே சாரும். ஓராண்டினுள் வழக்கிடாவிடின் நட்டஈட்டு உரிமையே அற்றுப்போம்.

கொட்டும் மழையில் கொழுந்து பறித்தவரின் உழைப்பு பெட்டியினுள் அடங்கியிருக்கிறது. அது வழியில் வீணாகாது காப்பதற்கு ஈயத் தகடு மாத்திரம் போதாது. உரிய நாளில் எழுதிய ஒரு கடிதமும் வேண்டும்.