மருத்துவ முடிவில் உற்றவன்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மருத்துவத்தை மருத்துவன் ஒருவனது தொழிலாகக் கருதாது, பலர் கூடி இயற்றும் வினையாகக் கண்டது இந்திய மருத்துவ மரபு. அவ்வினையில் நோயாளி பெற்றிருந்த இடம் எத்தகையது, இன்றைய சட்டம் அவனுக்கு வழங்கும் முடிவெடுக்கும் உரிமை அதனின்று எவ்வாறு வேறுபடுகிறது என்பதனை இக்கட்டுரை ஆராய்கிறது.

நாற்கூறு

சரக சங்கிதையின் சூத்திரத்தானம் 9ஆம் இயல் மருத்துவன், மருந்து, பணிவிடை செய்வோன், நோயாளி என்னும் நான்கினை மருத்துவத்தின் பாதங்களாகக் கொண்டு, ஒவ்வொன்றற்கும் நான்கு பண்புகளைக் கூறுகிறது. நோயாளிக்குரியன நினைவாற்றல், சொன்னவாறு செய்தல், அஞ்சாமை, தன் நோயை எடுத்துரைத்தல் என்பன. எனினும் தலைமை மருத்துவனுக்கே உரியது. குயவனின்றி மண்ணும் தண்டும் சக்கரமும் நூலும் கலமாகா. அதுபோல மருத்துவனின்றி ஏனைய மூன்றும் பயன்படா என்பது அந்நூல் காட்டும் உவமை. இதில் நோயாளி வனையும் கையாக அல்லாமல், அக்கைக்குரிய கருவிகளுள் ஒன்றாகவே நிற்கிறான்.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்து இறுதிக் குறள் (950) இந்நான்கினையே கூறினும், உற்றவனாகிய நோயாளியை முதற்கண் வைக்கிறது. வரிசை ஒன்றனையே கொண்டு அவனுக்கு முதன்மை கற்பித்தல் பொருந்தாது, யாப்பும் காரணமாகலாம். பரிமேலழகர் உரையில் நோயாளிக்குரிய பண்புகளாக அமைவன: பொருள் வசதி, மருத்துவன் சொற்படி நடத்தல், நோயின் நிலையைத் தெரிவித்தல், மருந்து தரும் துன்பத்தைத் தாங்குதல். இவற்றுள் மூன்றாவது மட்டுமே அவனைப் பேசவைக்கிறது. அப்பேச்சும் நோயைப் பற்றியதே, முடிவைப் பற்றியதன்று. முந்தைய குறள் (949) நோயாளியின் அளவை நோக்குமாறு பணிப்பினும், நோக்குபவன் மருத்துவம் கற்றவனே.

சட்டத்தின் வரவு

இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள், அறுவைக்கு முன் எழுத்து வடிவிலான இசைவு பெறவேண்டும் என்றன. அவ்விசைவைத் தருவோர் நிரலில் கணவன் அல்லது மனைவி முதலிலும் நோயாளி இறுதியிலும் இடம்பெற்றமை கருதத்தக்கது. மாறாக, இந்தியச் செவிலியர் கழகத்தின் 2006ஆம் ஆண்டு அறநெறித் தொகுப்பு, நோயாளியைப் பராமரிப்பின் பங்காளி எனக் கொண்டு, அவர் தெரிந்து தேர்வதற்குத் துணைநிற்றலைச் செவிலியரின் கடமையாக்கியது. பண்டை நூல்கள் பணிவிடை செய்வோன் எனச் சுட்டிய கூறு, இங்கே நோயாளியின் உரிமைக்குத் துணையாகிறது.

2008 ஜனவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். நோயறியும் சோதனைக்கு மட்டும் இசைந்து மயக்கத்தில் இருந்த பெண்ணுக்கு, அவர் தாயின் இசைவைப் பெற்றுக் கருப்பையும் சூலகங்களும் அகற்றப்பட்ட வழக்கு அது. உயிருக்கு உடனடி இடர் இல்லாதபோது, சோதனைக்குத் தந்த இசைவு சிகிச்சைக்கு ஆகாது. முடிவெடுக்கும் தகுதியுடைய ஒருவருக்காக மற்றொருவர் இசைதலும் செல்லாது என நீதிமன்றம் வரையறுத்தது. சிகிச்சையின் தன்மை, மாற்று வழிகள், பெரிய இடர்கள், மறுத்தால் வரும் விளைவு ஆகியவற்றைத் தெரிவித்தல் வேண்டும் என்றும் கூறியது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மேலும் ஒருபடி சென்றது. முடிவெடுக்கும் திறன் தளரக்கூடிய காலத்தில் தமக்கு எவ்வகைச் சிகிச்சை வேண்டும், எது வேண்டா என்பதனை முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை அது வழங்கியது.

முடிவுரை

மேற்கண்டவற்றால், பண்டை மரபு நோயாளியை மருத்துவத்தின் உறுப்பாக ஏற்றது என்பதும், முடிவெடுப்போனாக ஏற்கவில்லை என்பதும் பெறப்படும். இன்றைய உரிமையைப் பழநூலில் கண்டு பெருமிதம் கொள்ளுதல் ஆய்வு நெறியாகாது. ஆயினும் பரிமேலழகர் முதலாவதாக வைத்த பொருள் வசதி என்னும் பண்பு இன்றும் பொருளுடையது. 2008ஆம் ஆண்டுத் தீர்ப்பு, இந்திய நோயாளிகளுள் பெரும்பாலோரின் வறுமையையும் எழுத்தறிவின்மையையும் சுட்டி, விரிவாகத் தெரிவிக்கக் கோரும் அமெரிக்க அளவுகோலை ஏற்க மறுத்தது. உற்றவன் வாய்திறக்கச் சட்டம் இடந்தந்துள்ளது. அவன் கையில் பொருளும், அவனுக்குப் புரியும் மொழியில் விளக்கமும் இல்லாதவரை, அவ்விடம் வெற்றிடமாகவே எஞ்சும்.