குடமும் சிலையும்

விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்குப் போகிற பஸ், மங்கலம்பேட்டைக்கு அருகே நின்றுவிட்டது. சாலையின் குறுக்கே வரிசையாகக் காலிக் குடங்கள். அவற்றின் பின்னால் பெண்கள். தண்ணீருக்காக மறியல்.

"இப்படி உட்கார்ந்து என்ன ஸார் கண்டார்கள்? நம் வேலை கெட்டதுதான் மிச்சம்" என்றார் பக்கத்தில் இருந்தவர். வெயிலில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் கடலூர் ஜில்லாக்காரன் அதை அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியுமா?

கடலூர் வாழ்ந்து கெட்ட ஊர். 1746-ல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டபோது, இங்கிருந்த செயின்ட் டேவிட் கோட்டைதான் சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயருக்குத் தலைமையிடம். 1752-ல் அந்தப் பெருமை சென்னைக்கே திரும்பிவிட்டது. 1758-ல் கோட்டையும் இடிபட்டது.

அந்தக் கடலூரின் முதுநகரில் 1890-ல் பிறந்தவர் அஞ்சலையம்மாள். 1857 கிளர்ச்சியை அடக்குகிறேன் என்று அலகாபாத்திலும் கான்பூரிலும் கொடுமை புரிந்த கர்னல் நீலுக்குச் சென்னை மவுண்ட் ரோட்டில் சிலை நின்றது. அதை எடுக்கச் சொல்லி 1927-ல் நடந்த சத்தியாக்கிரகத்துக்கு அம்மாள் போனார். ஒன்பது வயது மகள் அம்மாக்கண்ணுவும் கூடப் போனாள். சிறைதான் கிடைத்தது. சிலை அசையவில்லை. "என்ன கண்டாய்?" என்று அன்று யாராவது கேட்டிருந்தால், கையை விரித்துத்தான் காட்டியிருக்க வேண்டும்.

1937 தேர்தலில் காங்கிரஸ் வென்றது. அஞ்சலையம்மாளும் சட்டசபைக்குப் போனார். ராஜாஜி மந்திரி சபை அமைந்த அதே ஆண்டில் சிலை சாலையைவிட்டு இறங்கியது. இன்று அது எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அப்படியானால் சிலையை இறக்கியது மறியலா, ஓட்டா? ஓட்டுத்தான் என்பேன். ஆனால் பத்து வருஷத்துக்கு முன் சிலர் சிறைக்குப் போயிராவிட்டால், பதவிக்கு வந்தவர்களுக்கு அந்தச் சிலை ஞாபகத்துக்கு வந்திருக்குமா? மறியல் வேலையை முடிப்பதில்லை, மறக்கவிடாமல் செய்கிறது.

இன்னொன்றும் உண்டு. சிலையை ஒரு நாள் எடுத்தால் போதும். தண்ணீர் தினமும் வரவேண்டும். அதனால்தான் ஊர்க்காரியத்துக்காகப் போராடுகிறவர்களுக்கு வெற்றி விழாவே வருவதில்லை.

யாரோ ஓர் அதிகாரி வந்து வாக்குக் கொடுத்தார். பெண்கள் எழுந்தார்கள். ஜன்னலோரம் வந்த ஒரு பாட்டியிடம், "சொன்னபடி செய்வார்களா, ஆத்தா?" என்று கேட்டேன்.

"செஞ்சா நல்லதுதான் தம்பி. செய்யாட்டி, குடம் எங்க போயிடப் போவுது?" என்றாள்.

பஸ் கிளம்பியது. பக்கத்து மனிதர் ஒன்றும் பேசவில்லை, நானுந்தான்.