முகநூல் – இலங்கையில்

வேகமாக வளர்ந்த ஒரு சமூக வலைத்தளம், தன் பயனர்களின் மொழியை அறியாமல் நடத்தப்பட்டதற்கு இலங்கை முக்கிய உதாரணம். கொழும்பிலுள்ள மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் முகநூலில் பரவும் வெறுப்புப் பேச்சைப் பற்றி 2014 இலேயே ஆய்வறிக்கை வெளியிட்டது. அதற்குப் போதிய அளவு செவிசாய்க்கப்படவில்லை. 2018 மார்ச்சில் கண்டி, திகனைப் பகுதியில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை வெடித்தபோது அரசு நாடு முழுவதும் முகநூல், வாட்ஸ்அப் முதலியவற்றை ஒரு வாரமளவு முடக்கியது. கொழும்பிலும் வளைகுடாவிலும் உறவினர் வேலைசெய்யும் மலையகத்து மடுல்சீமைத் தோட்டக் குடும்பங்களையும் அந்தத் தடை விட்டுவைக்கவில்லை.

பதிவுகளைக் கண்காணிக்கும், சிங்களம் தெரிந்த பணியாளர்களின் பற்றாக்குறை முக்கிய குறையாகச் சுட்டப்பட்டது. சிங்களத்தையும் தமிழையும் ஆங்கில எழுத்தில் தட்டும் வழக்கம் தானியங்கி வடிகட்டலை மேலும் கடினமாக்குகிறது. பின்னர் நிறுவனம் மொழியறிந்த பணியாளரைச் சேர்த்தது. இலங்கையில் தன் தளத்தின் பங்கு பற்றிச் சுயாதீன மதிப்பீடு ஒன்றையும் செய்வித்து, 2020 மே மாதம் அதை வெளியிட்டு, தன் தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டதற்கு வருந்தியது. வருத்தம் வர இரண்டு ஆண்டுகள் ஆயின. இடையே 2019 ஏப்ரலில், உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளை அடுத்து, தளங்கள் மீண்டும் முடக்கப்பட்டன.