மாடித் தொட்டியில் ஓடும் பித்தளை வால்வு, படகின் அடியில் தாங்குமா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மாடித் தொட்டிக்கு மாட்டிய பித்தளை வால்வு பல வருஷம் ஓடும். அதே வால்வை நாகப்பட்டினத்தில் மீன்பிடிப் படகின் அடியில் மாட்டினால், சில வருஷத்திலேயே கையோடு உடைந்து வரலாம். காரணம், உப்புத் தண்ணீர்.

படகில் எதற்கு ஓட்டை?

பல விசைப்படகுகளில் டீசல் எஞ்சினைக் குளிர்விக்க கடல் தண்ணீர் தேவை. அதற்காக நீர்மட்டத்துக்குக் கீழே துளை போட்டு, குழாய் பொருத்தி, உள்பக்கம் வால்வு வைப்பாங்க. அது உடைந்தால்? ஒன்றரை அடி ஆழத்தில் இருக்கும் 1 இன்ச் துளை வழியாக நிமிடத்துக்கு சுமார் 50 லிட்டர் உள்ளே வரும். ராத்திரி கட்டிய படகு காலையில் மூழ்கிக் கிடக்க இது போதும்.

பித்தளையில் என்ன கோளாறு?

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. கடல் நீர் துத்தநாகத்தை மட்டும் கரைத்துவிடும். மிஞ்சுவது பஞ்சு மாதிரியான செம்பு. வடிவம் மாறாது, பலம் இருக்காது.

எதை வாங்கலாம்?

மரம், ஃபைபர் படகுக்கு வெண்கலம் அல்லது கன்மெட்டல் நல்லது. கண்ணாடி இழை கலந்த நைலானும் துருப்பிடிக்காது. இரும்புப் படகில் வெண்கலத்தை நேரடியாக மாட்டக் கூடாது, பக்கத்து இரும்பு அரிக்கும். அங்கே தடித்த இரும்புக் குழாயை வெல்டிங் செய்வதே வழக்கம்.

மரையையும் பாருங்க. குழாயில் நேர் மரை, வால்வில் கூம்பு மரை என்றால் சில சுற்றிலேயே இறுகிவிடும். பிடிமானம் குறைவு.

கசியாமல் அடைப்பது எப்படி?

* பழைய பசையைச் சுரண்டி, இடத்தை நன்றாகக் காய விடணும்.
* ஃபைபருக்கு நடுவே மரமோ ஃபோமோ இருந்தால், துளையின் ஓரத்தை எபாக்ஸி பூசி மூடணும்.
* உள்பக்கம் தாங்கு பலகை வைக்கணும்.
* விளிம்பிலும் மரையிலும் பாலியூரித்தேன் சீலன்ட் தடவணும். பாத்ரூம் சிலிக்கான் இதற்கு ஆகாது.
* சீலன்ட் சுற்றிலும் பிதுங்கும் வரை இறுக்கினால் போதும். அதிகம் இறுக்கினால் முழுவதும் வெளியே போய்விடும்.
* டியூபில் போட்டிருக்கும் நேரம் வரை காய்ந்த பிறகே படகைத் தண்ணீரில் இறக்கணும்.

ஏற்கெனவே பித்தளை மாட்டியிருந்தால்?

படகைக் கரையேற்றும்போது கத்தியால் லேசாகச் சுரண்டிப் பாருங்க. மஞ்சளாக மின்னினால் சரி. இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் உடனே மாற்றணும். படகு சும்மா நிற்கும்போது வால்வை மூடி வைக்கலாம், எஞ்சினை ஓட்டும் முன் திறக்க மறக்கக் கூடாது. ஒவ்வொரு வால்வு பக்கத்திலும் அந்த அளவுக்கு ஒரு மரக்கட்டை ஆப்பு கட்டி வைத்தால், நடுக்கடலில் உடைந்தாலும் அடித்து அடைத்துக் கரை சேரலாம்.