போட்டிக் களத்துக்கான எளிய அகச்சிவப்புச் சுற்று

விடுதி அறையில் ஒழுங்காகச் செயல்பட்ட அகச்சிவப்புச் சுற்று, போட்டிக் களத்தில் தானாகவே இயங்கிவிடுவது பொறியியல் மாணவர்கள் அடிக்கடி சந்திக்கும் சிக்கல். சூரிய ஒளியிலும் அகச்சிவப்புக் கதிர்கள் உண்டு. சாதாரண போட்டோ டையோடால் அவற்றைப் பிரித்தறிய இயலாது.

டிவி ரிமோட்டின் வழிமுறையே இதற்குத் தீர்வு. விநாடிக்குச் சுமார் 38 ஆயிரம் முறை துடிக்கும் கதிர்களுக்கென வடிவமைக்கப்பட்ட டிஎஸ்ஓபி 1738 ஏற்பி, சைகை கிடைத்ததும் தனது வெளியீட்டு மின்னழுத்தத்தைத் தாழ்த்தும். 555 டைமரின் 2-ஆம் முனையைத் தூண்டுவதும் தாழ்ந்த மின்னழுத்தமே என்பதால், இரண்டையும் நேரடியாக இணைக்கலாம். 100 கிலோ ஓம் மின்தடை, 10 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி ஆகியவற்றுடன் வெளியீடு சுமார் 1.1 விநாடி நீடிக்கும்.

கதிர் இடைவிடாது துடித்தால், ஏற்பி அதை இரைச்சலாகக் கருதிப் புறக்கணிக்கும். எனவே விட்டுவிட்டு அனுப்ப வேண்டும். பார்வையாளர் ஒருவரின் ரிமோட்டும் இச்சுற்றை இயக்கக்கூடும். அதைத் தடுக்க, குறியீட்டைச் சரிபார்க்கும் மைக்ரோகண்ட்ரோலர் தேவை.