கொங்கு மண்ணின் கதைகள்: பொன்னாச்சி இல்லாத வேட்டை

அண்ணன்மார் பொன்னர், சங்கர் இருவரும் வீரமலைக் காட்டுக்குள் நுழைந்த இடத்தில் சென்ற வாரம் நிறுத்தினோம். அடுத்தது அவர்கள் வீழும் படுகளம். ஆனால் அதற்கு முன்னால் கொம்பன் விழ வேண்டும். கொம்பன் விழ வேண்டுமென்றால் பொன்னாச்சி வர வேண்டும்.

பொன்னாச்சி, அண்ணன்மாரின் தங்கை தங்காள் வளர்த்த பொட்டை நாய். உருவத்தில் சிறிசு. கொம்பனோ வயலையெல்லாம் உழுது சூறையாடும் மலை போன்ற பன்றி. அதை வேட்டையாட அண்ணன்மாரின் வளநாட்டு நாய்களெல்லாம் திரண்டன. இந்தக் குட்டி நாய் எதற்கென்று பொன்னாச்சியை மட்டும் யாரும் கூப்பிடவில்லை. அதற்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. விட்டது ஒரு சாபம்! வேட்டைக்குப் போன படையே நோயில் சுருண்டது. புலியைக் கண்டு பதறாத சங்கரும் படுத்துவிட்டார். வீட்டில் விட்டுவந்த நாயின் கோபம்தான் இது என்று தெரிந்த பிறகு, அதனிடம் இறங்கிப் போய்க் கூப்பிட வேண்டியதாயிற்று.

வந்த பொன்னாச்சி நேருக்கு நேர் மோதவில்லை. கொம்பனின் வயிற்றுக்கடியில் புகுந்து, கடிக்கக் கூடாத இடத்தில் கடித்தது. குழந்தைகளுக்கென்று எழுதுகிறவர்கள் தயங்கும் இடம் இது. தயங்கவே வேண்டாம். உடுக்கடிப் பாட்டில் இந்தக் கட்டம் வந்தால் முன்வரிசையில் தூங்கி விழும் பொடிசுகள்கூட எழுந்து உட்காரும். பாட்டுக்காரர் உடுக்கையின் இடைக்கயிற்றை இறுக்கி ஒலியைக் கீச்சென்று ஏற்றும்போது அது பொன்னாச்சி. தளர்த்திக் கனக்க வைத்தால் கொம்பன். நாய் மடக்கிய பிறகுதான் சங்கரின் ஈட்டி பாய்ந்தது. வேட்டையின் புகழில் பாதிக்கு மேல் அந்தக் குட்டி நாய்க்கே சேர வேண்டும்.

சரி, கொம்பன் ஏன் வந்தது? காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி, 1965-இல் இந்தக் கதையை நாடாவில் பதிவு செய்தார் கனடாவின் மானிடவியலாளர் பிரெண்டா பெக். அந்த வடிவம் காரணத்தைத் தெளிவாகச் சொல்கிறது. தங்காள் ஆசைப்பட்டாள் என்று, வேட்டுவர் காட்டில் சோடியாக இருந்த கிளிகளில் ஆண்கிளியை மட்டும் அண்ணன்மார் பிடித்து வந்தார்கள். தனித்துப்போன பெண்கிளி வேட்டுவரின் தங்கை வீரத்தங்காளிடம் முறையிட்டது. அங்கேதான் பகை மூண்டது. அந்தப் பகையில்தான் கொம்பனும் வந்தது. அப்படியிருக்க, வேட்டுவரை வில்லன்களாக்கிப் பிள்ளைகளுக்குச் சொல்வது பெரிய அநியாயம். அவர்கள் தங்கள் காட்டைக் காத்தவர்கள். பொன்னரும் சங்கரும் வீரர்கள்தான். ஆனால் முதல் தப்பு அவர்கள் கையில்தான் நடந்தது.

சக்திக்கனல் 1971-இல் கோவையிலிருந்து இந்தக் கதையைப் பதிப்பித்தார். கலைஞர் நாவலாக எழுதினார். 2011-இல் அது பிரசாந்த் நடித்த படமாகவும் வந்தது. பெக் அம்மையாரோ, தாம் பதிவு செய்த பாட்டையே 26 பகுதிகள் கொண்ட அனிமேஷன் தொடராக, தமிழிலும் ஆங்கிலத்திலும், ஆக்கித் தந்தார். கடல் தாண்டி வந்த ஒருவர் நம் பிள்ளைகளுக்காக இவ்வளவு செய்திருக்கிறார்.

இருந்தும் கோவை ஆர்.எஸ்.புரத்துப் பிள்ளைகளைக் கேட்டால், பொன்னாச்சியைத் தெரியாது; அணையின் ஓட்டையில் விரலை வைத்து ஊரைக் காப்பாற்றிய ஹாலந்துப் பையனைத் தெரியும் என்பார்கள். அது டச்சுக்காரர்கள் வழிவழியாகச் சொல்லிவந்த நாட்டார் கதை அல்ல. அமெரிக்க எழுத்தாளர் மேரி மேப்ஸ் டாட்ஜின் 1865-ஆம் ஆண்டு நாவல்தான் அதை உலகமெங்கும் கொண்டு போனது. பிறகு டச்சுக்காரர்களே 1950-இல் ஸ்பார்ன்டாம் ஊரில் அந்தப் பையனுக்குச் சிலை வைத்தார்கள். கதைக்கு அவ்வளவு மரியாதை! நம் பொன்னாச்சிக்குச் சிலைகூட வேண்டாம். பெயர் தெரிந்தால் போதும்.

டி.பி. ரோட்டு அடுக்குமாடிகளில் பேரன் பேத்தியோடு இருக்கும் அப்புச்சிகளே, அம்மிச்சிகளே, காங்கேயத்திலும் தாராபுரத்திலும் விடிய விடிய உடுக்கடிப் பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நீங்கள். இன்று ராத்திரி பொன்னாச்சியிலிருந்து ஆரம்பியுங்கள். “அப்புறம் என்னாச்சுங்க அப்புச்சி?” என்று கேட்டால், கிளியைப் பிடித்த கதையையும் மறைக்காமல் சொல்லுங்கள். மணப்பாறை அருகே வீரப்பூரில் நடக்கும் மாசித் திருவிழாவுக்குப் போனால் பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள்.

படுகளம் அடுத்த வாரம்.