லைபீரியாவில் பன்னாட்டு நிதி மேற்பார்வை (1912–2010): ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

நலிவுற்ற ஓர் அரசுக்குப் பிற நாடுகள் நிதியுதவி அளிக்கும்போது, அந்நிதியின் மீதான கட்டுப்பாடு யாரிடம் இருக்க வேண்டும் என்னும் வினா எழுகிறது. 1847இல் தன்னைச் சுதந்திரக் குடியரசாக அறிவித்துக்கொண்ட மேற்கு ஆப்பிரிக்க நாடான லைபீரியா, ஐரோப்பியக் குடியேற்ற ஆட்சிக்கு உட்படவில்லை. எனினும் அதன் கருவூலம் அயலார் மேற்பார்வைக்குப் பலமுறை உள்ளானது. அம்மேற்பார்வை எச்சூழலில் நாட்டுக்குப் பயன்பட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கடன்வழி மேற்பார்வை

1912இல் லைபீரியா 17 இலட்சம் டாலர் பன்னாட்டுக் கடன் பெற்றது. அதற்கு ஈடாக நாட்டின் சுங்க வருவாய், அமெரிக்கர் ஒருவரின் தலைமையில் பிரித்தானிய, பிரெஞ்சு, ஜெர்மானிய அலுவலர்களைக் கொண்ட அமைப்பின் பொறுப்பில் விடப்பட்டது. முதல் உலகப்போரால் வணிகம் சுருங்க, அரசின் வருவாயும் வீழ்ந்தது.

1926இல் ஃபயர்ஸ்டோன் நிறுவனத்துடன் ரப்பர்த் தோட்ட ஒப்பந்தம் ஏற்பட்டது. 10 இலட்சம் ஏக்கர் வரையிலான நிலத்தை 99 ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு எடுக்க அது வகைசெய்தது. அதனுடன் இணைந்த 50 இலட்சம் டாலர் கடனால் பழைய கடன் தீர்ந்தது. ஆனால் அமெரிக்க நிதி ஆலோசகரின் மேற்பார்வை தொடர்ந்தது. உலகப் பொருளாதார மந்தத்தின்போது, 1932இல், லைபீரியா கடன் தவணைகளை நிறுத்திவைத்தது.

இதற்கிடையே, பெர்னாண்டோ போ தீவுக்குத் தொழிலாளர்கள் கட்டாயமாக அனுப்பப்பட்டதைப் பன்னாட்டு விசாரணைக் குழு 1930இல் வெளிக்கொணர்ந்தது. அதிபர் சார்லஸ் கிங் பதவி விலகினார். தொடர்ந்து பன்னாட்டுச் சங்கம் ஓர் உதவித் திட்டத்தை முன்வைத்தது. அயல்நாட்டு ஆலோசகருக்குரிய அதிகாரங்கள் இறையாண்மையைப் பாதிக்கும் எனக் கருதிய லைபீரியா அதனை முழுமையாக ஏற்கவில்லை. 1934இல் அத்திட்டம் கைவிடப்பட்டது.

கூட்டுக் கையொப்ப முறை

1989இல் தொடங்கிய உள்நாட்டுப் போர், இடையில் சில ஆண்டுகள் தணிந்து, 2003 ஆகஸ்டில் ஏற்பட்ட அக்ரா அமைதி உடன்படிக்கையோடு முடிவுற்றது. அவ்வாண்டு செப்டம்பரில் ஐ.நா. பாதுகாப்பு அவை 15,000 வீரர்கள் வரை கொண்ட அமைதிப்படைக்கு ஒப்புதல் அளித்தது. படைக்கலைப்புத் திட்டத்தில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்க்கப்பட்டனர். 2007இல் இந்தியா அனுப்பிய முழுமையான மகளிர் காவற்பிரிவு, ஐ.நா. பணிகளில் அவ்வகையில் முதலாவதாகும்.

எனினும் இடைக்கால அரசில் பொதுநிதி முறைகேடுகள் தொடர்ந்ததைத் தணிக்கைகள் காட்டின. ஆகவே 2005 செப்டம்பரில் ஆட்சி மற்றும் பொருளாதார மேலாண்மை உதவித் திட்டம் ஏற்கப்பட்டது. மத்திய வங்கி, துறைமுகம், விமான நிலையம், வனத்துறை போன்றவற்றில் லைபீரிய அலுவலரும் அயல்நாட்டு வல்லுநரும் சேர்ந்து கையொப்பமிட்டாலன்றிப் பணம் செலவிட இயலாது என்பதே அதன் சாரம். நன்கொடை நாடுகளின் அழுத்தத்தால் வந்ததென்றும் இறையாண்மைக்கு இழுக்கென்றும் இத்திட்டம் கண்டிக்கப்பட்டது. அக்கண்டனம் புறந்தள்ளத்தக்கதன்று. ஆயினும் 2006 ஜனவரியில் பொறுப்பேற்ற எல்லன் ஜான்சன் சர்லீஃபின் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு அதனைத் தொடர்ந்தது.

ஒப்பீடு

இரு முறைகளுக்கும் அடிப்படை வேறுபாடு உண்டு. 1912இல் மேற்பார்வையின் முதல் நோக்கம் கடன் கொடுத்தோரின் பணத்தைக் காப்பதாகும். 2005இல் வருவாயை நாட்டின் கருவூலத்துக்கே கொண்டுசேர்ப்பதாகும். முன்னதில் சுங்கம் அயலாரிடம் சென்றது. பின்னதில் அதிகாரம் பகிரப்பட்டது. முன்னது கடனோடு நீடித்தது. பின்னது கடன் நீக்கத்துக்கு வழிவகுத்தது. 2010 ஜூனில் லைபீரியா 460 கோடி டாலர் கடன் நிவாரணத்துக்குத் தகுதி பெற்றது. அவ்வாண்டே கூட்டுக் கையொப்ப முறையும் முடிவுக்கு வந்தது.

இதன் எல்லையும் குறிக்கத்தக்கது. கணக்குகள் சீரடைந்த வேகத்தில் மருத்துவமனைகள் வளரவில்லை. 2014இல் பரவிய எபோலா நோய் 4,800க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது.

முடிவுரை

2018 ஜனவரியில், 70 ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பின், தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் அதிபரிடமிருந்து மற்றொருவருக்கு ஆட்சி அமைதியாகக் கைமாறியது. மார்ச் மாதத்தில் அமைதிப்படைப் பணி நிறைவுற்றது. பன்னாட்டு மேற்பார்வை யாருடைய நலனுக்காகச் செயற்படுகிறது, எப்போது முடிகிறது என்பவையே அதன் பயனை உறுதிசெய்கின்றன என்பதை லைபீரிய வரலாறு உணர்த்துகிறது. கருவூலத்தைக் காக்கும் அதே அக்கறை பொதுநலப் பணிகளுக்கும் நீளாவிடில், பெற்ற நிலைத்தன்மை முழுமையடையாது என்பதும் தெளிவாகிறது.